ஸ்டெப்னி

மோட்டார் வண்டியைப் பற்றி எழுத எனக்கு யாதொரு யோக்கியதையும் கிடையாது. என் கதைகளில் கார் வரும், கதாநாயகி இறங்குவாள், கதவு சாத்தப்படும், அத்துடன் சரி. அதற்குமேல் அந்தக் கார் எங்கே போயிற்று, என்ன ஆயிற்று என்று நான் விசாரித்ததில்லை. ஒரு தொடர்கதையில் கதாநாயகன் மூன்றாவது கியரில் வண்டியைப் பின்னால் எடுத்தான் என்று எழுதப்போக, பதினோரு கடிதங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று என் மாமனாருடையது. "நாலு தெரு தள்ளி இருக்கிற மாப்பிள்ளைக்குத் தபால் எதற்கு மாமா?" என்று கேட்டேன். "நேரில் சொன்னால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள்" என்றார்.

அப்பேர்ப்பட்ட நான், 2025 ஆம் வருஷத்துக் கோடையில், முழுசாக இரண்டு மாதம் ஒரே ஒரு சக்கரத்தைத் தேடி அலைந்தேன். சொந்தமாக எனக்கு இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர்தான். சக்கரம் மாமனாருடைய காருக்கு.

கார் என்றால் வாசகர்கள் நாலு பேர் சௌகரியமாக உட்கார்ந்து போகிற சமாசாரத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1964 ஆம் வருஷத்து வண்டி. சண்டை விமானத்தின் பெயரைக் காருக்கு வைத்தார்கள். இரண்டே பேர் உட்காரலாம். அதிலும் உட்காருவது என்பதைவிடக் காலை நீட்டிப் படுப்பது என்பதே பொருத்தம். கூரை துணி. கதவைத் திறந்து கையைத் தொங்கவிட்டால் தரை தட்டும். சிவப்பு நிறம். தாம்பரத்தில் எங்கள் மாமனார் வீட்டு வராந்தாவை ஒட்டி, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு முப்பத்துநாலு வருஷமாக இருக்கிறது.

முப்பத்துநாலு வருஷமும் என் மாமியார் அதில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. மாமனார் 1967இல் தம் இருபத்தோராவது வயதில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஹெரால்டு கார்களுக்குச் சக்கரம் மாட்டுகிற வேலை. 1988இல் ஆலை மூடப்பட்டபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பிறகு ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறை என்றால் அது ஒன்றும் பெரிதில்லை. ஒரு கொட்டகை, இரண்டு ஜாக்கி, ஆறு மாதச் சம்பள பாக்கி. 1991இல் அந்தச் சம்பள பாக்கிக்கு ஈடாகப் பட்டறைக்காரர் ஒரு காரைக் கொடுத்தார். யாரோ ஓர் எஸ்டேட் துரை ரிப்பேருக்கு விட்டுப்போய்த் திரும்பி வராத வண்டி, கைமாறிக் கைமாறி அங்கே வந்து நின்றிருந்தது. மாமனார் அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தாராம். ஆறு மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து மளிகைக் கடையில் கணக்கு வைத்திருந்த ஒரு பெண்மணி, வாசலில் சிவப்பாக ஒரு கார் வந்து நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அன்று மாமியார் சொன்ன வாக்கியத்தை என் மனைவி இன்றும் அப்படியே சொல்லிக் காட்டுவாள்: "இதிலே எத்தனை படி அரிசி கொள்ளும்?"

போகட்டும். சென்ற ஆனி மாதத்தில் இருவருக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம். அதே மாதத்தில் மாமனாருடைய லைசென்ஸும் முடிகிறது. வயது எழுபத்தொன்பது, வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண் இன்னும் பாக்கி. டாக்டர் சான்றிதழ், அலைச்சல் எல்லாம் வேண்டாம், இத்துடன் போதும் என்று தீர்மானித்துவிட்டார். தீர்மானத்தை அறிவித்த அன்று சாப்பாடு ஆனதும், தட்டைப் பார்த்துக்கொண்டே மாமியாரிடம் கேட்டார்: "ஒரு தடவை திருப்போரூர் போய் வரலாமா? நம்ம வண்டியிலே?"

திருப்போரூர் முருகன் என்றால் மாமியாருக்கு உயிர். தாம்பரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

"ஸ்டெப்னி இருக்கா?" என்றார் மாமியார்.

மாமனார் பதில் சொல்லவில்லை.

"ஸ்டெப்னி இல்லாத வண்டியிலே நான் ஏற மாட்டேன். வைங்க, வர்றேன்."

இந்த ஸ்டெப்னி என்ற வார்த்தையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. லண்டனில் ஸ்டெப்னி என்று ஒரு பேட்டை இருப்பதால் அங்கிருந்து வந்தது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தப்பு. வேல்ஸ் தேசத்தில் லானெல்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் என்ற சகோதரர்கள் கடை வைத்திருந்தார்கள். அக்காலத்து மோட்டார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடுத்தெருவில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டியதுதான். 1904இல் டேவிஸ் சகோதரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆரமும் இல்லை, குடமும் இல்லை. வெறும் வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். தெருவின் பெயர் சாமானுக்கு வந்தது. இங்கிலீஷ்காரர்கள் அந்த வார்த்தையை மறந்தே போனார்கள். நம் ஊரில் லாரி கிளீனர் பையன் வரைக்கும் அது நிலைத்துவிட்டது. அங்கே போய் ஸ்டெப்னி என்று கேட்டால் விழிப்பார்கள். உளுந்தூர்ப்பேட்டையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆனால் ஸ்பிட்ஃபயருக்கு உளுந்தூர்ப்பேட்டையிலும் கிடைக்காது.

மாமனார் ஓர் அட்டையை வெட்டி என்னிடம் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை அட்டை. நடுவில் பெரிய துவாரம், சுற்றி நாலு சிறிய துவாரங்கள். "எதிரெதிர்த் துவாரத்துக்கு நடுவிலே மூணே முக்கால் அங்குலம். ரிம் குறுக்களவு பதிமூணு. இந்த இரண்டும் சரியா இருந்தா அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. மூணரை போதும்; நாலரையும் ஆகும். ஹெரால்டு சக்கரம்னு கேளுங்க. அதுவும் இதுவும் ஒண்ணு."

எப்படி ஒன்றாகும் என்று கேட்டேன். குடும்பத்து நாற்காலி மாதிரி இருக்கும் ஹெரால்டு எங்கே, இது எங்கே!

அவர் சொன்ன கதை என் நாவல்களைவிட நன்றாகவே இருந்தது. ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வந்தது. தோற்றத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிச்செலோட்டி என்ற இத்தாலியர். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தையே எட்டரை அங்குலம் குறுக்கி, மேலே ஓர் இரட்டை இருக்கை உடம்பை அதே மிச்செலோட்டி வரைந்தார். ஆனால் கம்பெனி கையில் காசில்லை. செய்து பார்த்த மாதிரி வண்டியை ஒரு மூலையில் துணி போர்த்திப் போட்டுவிட்டார்கள். பிறகு லேலண்ட் கம்பெனி அதை வாங்கியபோது, புது முதலாளிகள் கொட்டகை கொட்டகையாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அந்தத் துணியை விலக்கினார். 1962இல் ஸ்பிட்ஃபயர் வெளிவந்துவிட்டது. 1980 வரையில் மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அண்ணன் ஹெரால்டு இதற்கிடையில் 1961 முதல் நம் வண்டலூரிலேயே தயாராகிக்கொண்டிருந்தது.

"பட்டறையிலே தார்ப்பாயைத் தூக்கினேன். சக்கரத்தைப் பார்த்தேன். நான் தினம் மாட்டின சக்கரம். அதனாலேதான் வாங்கிட்டேன்" என்றார்.

இந்த வாக்கியத்தை முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு தடவையாவது மாமியாரிடம் சொல்லியிருப்பாரா? இருக்காது. அவர் சுபாவம் அப்படி.

சீமையில் இந்த வண்டிக்கான சாமான்களை விற்க இன்றும் கடைகள் இருக்கின்றன. பணம் கட்டினால் தபாலில் வந்துவிடும். நான் அதைப் பிரஸ்தாபித்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "ஆயிரக்கணக்கிலே என் கையாலே மாட்டியிருக்கேன். அதுக்கு இங்கிலாந்திலிருந்து பார்சலா?"

ஆகவே புதுப்பேட்டை.

புதுப்பேட்டையைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தின் கரையில், மோட்டார் உலகத்தின் மயானம் அது. கதவெல்லாம் ஒரு கடை, கண்ணாடியெல்லாம் ஒரு கடை, ஸ்டீயரிங் எல்லாம் மாலை மாலையாக ஒரு கடை. சக்கரக் கடை பாய் என் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகையின் மறுபக்கத்தையும் படித்தார்.

"ஹெரால்டா? அதெல்லாம் வெட்டி இருபது வருஷம் ஆச்சு சார்."

இருந்தாலும் நல்ல மனிதர். உட்காரவைத்து டீ வரவழைத்தார். மலை போல் குவிந்திருந்த டிஸ்க்குகளில் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் காட்டினார். அம்பாசடர் பதினைந்து அங்குலம். பியட் பதினாலு. மாருதி 800 பன்னிரண்டு. பதிமூன்றிலும் ஏராளம் இருந்தன. ஆனால் அட்டை பொருந்தவில்லை. இப்போதைய சிறிய கார்கள் பலவற்றில் மூன்றே முக்கால் அங்குலத்துக்குப் பதிலாக நூறு மில்லிமீட்டர். வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. அட்டையை வைத்தால், பக்கத்து வீட்டுச் சாவி நம் பூட்டில் நுழைந்து திரும்ப மறுக்குமே, அந்த மாதிரி இருந்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஐந்து தடவை புதுப்பேட்டைக்குப் போனேன். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது தடவை வேறொரு கடையில் ஒரு பையன் யோசனை சொன்னான்: "நூறு எம்மெம் டிஸ்க்கை எடுத்துக்குங்க சார். ஓட்டையை உள்பக்கமா ரெண்டரை எம்மெம் ராவி விட்டா உட்கார்ந்துடும்."

நான் செய்த காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். சம்மதித்தேன். தொள்ளாயிரம் ரூபாய். அவன் அரத்தால் ராவும்போது பக்கத்தில் நின்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். போவது முப்பது கிலோமீட்டர். பஞ்சர் ஆகப் போவதில்லை. சக்கரம் பின்பெட்டியின் தரையில் பலகைக்கடியில் படுத்திருக்கும். மாமியார் பலகையைத் தூக்கிப் பார்ப்பார், வட்டமாக ஒன்று தெரியும், ஏறி உட்காருவார். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு பெரிய பொய்யாகத் தோன்றவில்லை.

மாமனார் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அட்டையை வைத்தார். பொருந்தியது. பிறகு விரலை ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் விட்டுச் சுற்றினார்.

"ராவியிருக்கு" என்றார்.

"கொஞ்சம்தான் மாமா. ரெண்டரை மில்லிமீட்டர்."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு நட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் முனை கூம்பாக இருந்தது. "இந்தக் கூம்பு உட்கார டிஸ்க்கிலே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அதுதான் சக்கரத்தை நடுவிலே நிறுத்துறது. நீங்க கிண்ணத்தை ராவிட்டீங்க. இப்போ நட்டு இறுகும், ஆனா உட்காராது. பத்து கிலோமீட்டரிலே தளரும். இருபதிலே போல்ட்டு உடையும்."

"மாட்டப் போவதில்லையே மாமா. சும்மா பெட்டியில்..."

"அவ ஸ்டெப்னி இருக்கான்னு கேட்டா. இருக்குன்னு நான்தானே சொல்லணும்?"

சக்கரத்தை மெள்ளச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து அன்றிரவு ஒரு வரிகூட எழுதவில்லை.

கடைசியில் ஹெரால்டு எங்கே அகப்பட்டது என்றால் ஸ்ரீரங்கத்தில். மாமனாரோடு ஆலையில் வேலை பார்த்த ஒருவர் டெலிபோனில் சொன்னார்: அம்மா மண்டபம் சாலைப் பக்கம், ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு வண்டி நிற்கிறது, கணவர் ஓட்டியது, அவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ரயிலேறிப் போனேன்.

தென்னை மரத்தடியில் வெளிர்நீல ஹெரால்டு. நாலு டயரும் தரையோடு தரையாக அமுங்கியிருந்தன. முன்பக்கத்தில் விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். ஒரு குழியிலிருந்து கோழி எட்டிப் பார்த்தது.

டீச்சரம்மா என்னை நிற்க வைத்தே விசாரித்தார். "விளக்கை ஒருத்தர் வாங்கிண்டு போனார். பழைய வண்டிகளைக் காப்பாத்தறேன்னார். கார்புரேட்டரை இன்னொருத்தர் வாங்கிண்டு போனார். அவரும் காப்பாத்தறவர்தான். எல்லாரும் ஸ்பானரோடதான் வரேள். நீங்க எதைக் காப்பாத்த வந்திருக்கேள்?"

ராவிய சக்கரத்துக்குப் பிறகு எனக்குப் பொய்யில் ருசி விட்டுப்போயிருந்தது. "ஸ்டெப்னி வேண்டும், அம்மா. ஒரே ஒரு தடவை வண்டி ஓடுவதற்கு" என்று ஆரம்பித்து மளிகைக் கணக்கு, திருப்போரூர், லைசென்ஸ், நான் வாங்கிய தொள்ளாயிரம் ரூபாய்ச் சக்கரம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சாவி கொண்டுவந்தார்.

பின்பெட்டி திறக்க அரைமணி ஆயிற்று. உள்ளே சக்கரம் சாக்குத் துணியில் சுற்றி வைத்திருந்தது. துணியை அவிழ்த்தால் ரிம்மில் எண்ணெய்ப் பிசுக்கு. துரு பேருக்குத்தான் இருந்தது. அட்டையை வைத்தேன். நாலு துவாரமும் நாலு துவாரத்தில் விழுந்தன. கிண்ணங்கள் நாலும் முழுசாக இருந்தன. இப்போது எனக்கு அதையெல்லாம் பார்க்கத் தெரிந்திருந்தது.

"மாசம் ஒருதரம் எடுத்துக் காத்து பார்ப்பார். மத்த நாலுக்கும் பார்க்காட்டாலும் இதுக்குப் பார்ப்பார்" என்றார் டீச்சரம்மா. பிறகு, "ஆயிரத்தைந்நூறு ரூபாய்" என்றார்.

நான் கொஞ்சம் திடுக்கிட்டிருக்க வேண்டும். அவர் அதைக் கவனித்துவிட்டார். "இனாமாக் கொடுத்தா நாளைக்கு இன்னொண்ணு கேட்டுண்டு வருவேள். காசு கொடுத்தா இத்தோட போச்சு."

கொடுத்தேன். பின்பெட்டியை நன்றாக மூடிவிட்டுப் போகச் சொன்னார். மூடினேன், மூடியதை அவர் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

சக்கரத்தோடு ரயிலில் வந்த வைபவத்தை விரிவாக எழுதினால் அது தனிக் கட்டுரை ஆகிவிடும். அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒன்பது பேர் அது என்ன என்று கேட்டார்கள் என்பதோடு விடுகிறேன்.

மாமனார் அட்டையைக்கூட எடுக்கவில்லை. வண்டியின் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி, கொண்டுவந்ததை மாட்டி, நாலு நட்டையும் குறுக்கு மாறுக்காக இறுக்கினார். கையால் ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸை அசையாமல் பிடித்தார். சாக்பீஸ் ஓரிடத்தில் மட்டும் லேசாக உரசி ஒரு கீற்று விழுந்தது. "அரை நூல் ஆடுது. அரை நூலுக்கு நாங்க பாஸ் போட்டு அனுப்புவோம்" என்றார். அந்த 'நாங்க' எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதோடு தீரவில்லை. சக்கரத்தோடு வந்த டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பழைய குறுக்கு நூல் டயர் அது. வண்டியில் இருக்கும் நாலும் ரேடியல். ஒரே அச்சில் ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் இதுவுமாக மாட்டக் கூடாதாம். அதிலும் இந்த ஸ்பிட்ஃபயரின் பின் அச்சுக்கு வளைவுகளில் கொஞ்சம் குறும்பு உண்டு. பின்னால் டயர் பிடிப்பு மாறினால் வண்டி பேச்சுக் கேட்காது. ஆகவே புது ரேடியல், புது டியூப், வெள்ளி வர்ணம் எல்லாமாகச் சேர்ந்து டீச்சரம்மாவின் ஆயிரத்தைந்நூறைச் சில்லறை ஆக்கிவிட்டன.

வர்ணம் காய்வதற்காகச் சக்கரத்தைக் கொல்லைச் சுவரில் சாய்த்திருந்தது. மாமியார் அதைப் பார்த்தபடியே எனக்குக் காப்பி கொடுத்தார்.

"அந்த வண்டி வந்தப்போ ஸ்டெப்னியோடதான் வந்தது, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது.

"தொண்ணூத்திரண்டு ஜூன். உங்க வீட்டுக்காரிக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டணும். பட்டறையிலே ஓவர்டைம் கொடுத்தாங்கன்னு பணம் கொண்டுவந்தாரு. பட்டறையாவது, ஓவர்டைமாவது! ராத்திரி அவர் தூங்கின அப்புறம் போய்ப் பின்பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலியா இருந்தது."

"ஏன் அத்தை, அவரைக் கேட்கவில்லையா?"

"கேட்டிருந்தா மீதி நாலையும் வித்திருப்பாரு."

டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணி. மாமனார் பின்பெட்டியைத் திறந்து, பலகையைத் தூக்கி, "பார்த்துக்கோ" என்றார். மாமியார் குனிந்து பார்த்தார். தொட்டுக்கூடப் பார்த்தார். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குள் எப்படி இறங்குவது என்பதில் ஐந்து நிமிஷம் போயிற்று. அதற்கு என் மனைவியின் உதவி தேவைப்பட்டது. வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லையாதலால் நானும் அவளும் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தோம்.

பெருங்களத்தூர் தாண்டி, ஆலை இருந்த பக்கம் வரும்போது ஸ்பிட்ஃபயர் வேகம் குறைந்தது. மாமனார் இடது கையை நீட்டி என்னவோ காட்டினார். மாமியார் தலையைத் திருப்பிப் பார்த்தார். காற்றில் அவர்கள் பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் மிருகக்காட்சிசாலை வரையில் அவர் கை இறங்கவில்லை, அவரும் பேச்சை நிறுத்தவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது, ஒற்றைக் கையால் ஓட்டுகிறாரே என்று.

பஞ்சர் ஒன்றும் ஆகவில்லை. தரிசனம் ஆயிற்று. பத்தரை மணிக்குத் திரும்பிவிட்டோம். வண்டி வாசலில் நின்றதும் மாமனார் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாமியார் உடனே இறங்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு, "ரோட்டிலே இருக்கிற கல்லெல்லாம் எண்ணியாச்சு" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, லைசென்ஸு என்னிக்கு முடியுது?"

"வியாழக்கிழமை, அத்தை."

"அந்தக் கண் டாக்டர் சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவாரு?"